பேக்கப் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை

"பேக்கப் எடுத்து வை" என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறது. எடுத்த பேக்கப்பை ஒரு தடவையாவது திரும்ப ஏற்றிப் பார்த்தாயா என்று கேட்கத்தான் ஆள் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியின் வரலாறு. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் களஞ்சியங்களின் பேக்கப் ஏற மறுத்தபோது என்ன நடந்தது, எப்படிச் சரி செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

தென்காசியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். 2011-ல் நம்ம மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வந்தது. ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் இங்கேதான் உருவானது. ஆகவே இது பெங்களூர்க்காரர்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது.

வெர்ஷன் கன்ட்ரோல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பழைய மளிகைக்கடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எதை, எதற்காக மாற்றினார்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள். பழைய பக்கத்தை அழிப்பதில்லை. அப்படி ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ரிவிஷன் எண். களஞ்சியம் போய்விட்டால் இன்றைய நிரல் யாருடைய கணினியிலாவது கிடைத்துவிடும். ஆனால் "ஏன் இப்படி எழுதினோம்" என்ற பேரேடு போய்விடும். அது திரும்பக் கிடைக்காது.

இந்த வகையில் முதலில் வந்தது எஸ்.சி.சி.எஸ். 1972-ல் பெல் லேப்ஸில் மார்க் ராச்கைண்ட் எழுதியது. அதன் ஒவ்வொரு வரலாற்றுக் கோப்பிலும் முதல் வரியில் ஒரு கூட்டுத்தொகை (செக்சம்) இருக்கும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் தொகை இடிக்கும், கருவி "கோப்பு கெட்டுவிட்டது" என்று சொல்லி நின்றுவிடும். இதற்கு ஒரு வைத்தியமும் கூடவே கொடுத்திருந்தார்கள். 'அட்மின்' கட்டளையில் ஒரு விருப்பத்தேர்வு கொடுத்தால், இப்போது இருக்கிற கோப்புக்குத் தகுந்தபடி தொகையைப் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடும். இது வைத்தியமா அல்லது நோயாளியின் வாயைப் பொத்துவதா? கெட்டது கெட்டபடியே இருக்கும், புகார் மட்டும் நின்றுவிடும். இந்தக் குணம் பின்னால் வந்த கருவிகளிலும் தொடர்வதைப் பார்க்கலாம்.

1982-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிச்சி ஆர்.சி.எஸ் செய்தார். அதில் கடைசிப் பதிப்பு முழுசாக இருக்கும். பழைய பதிப்புகள் அதிலிருந்து பின்னோக்கிப் போகும் வித்தியாசங்களாக இருக்கும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் கோப்பின் பழைய பகுதி சிதைந்தாலும் இன்றைய பதிப்பு தப்பும் என்ற நன்மையும் சேர்ந்து வந்தது. 1986-ல் ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் தொடங்கிய சி.வி.எஸ், இதே ஆர்.சி.எஸ் கோப்புகளைத்தான் உள்ளே பயன்படுத்தியது. எல்லாமே சாதாரண உரைக் கோப்பு. பேக்கப் என்றால் ஃபோல்டரை அப்படியே அள்ளிக்கொள்வது. பழுது என்றால் எடிட்டரில் திறந்து கையால் திருத்துவது. ஆனால் யாராவது பத்து கோப்புகளைக் கமிட் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் ஃபோல்டரை அள்ளினால் ஐந்து புதுசும் ஐந்து பழசும் வரும். அந்தப் பேக்கப் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறும். உள்ளே இருப்பதுதான் தப்பு.

இதையெல்லாம் சரி செய்ய 2000-ல் தொடங்கி, 2004 பிப்ரவரியில் 1.0 ஆக வெளிவந்தது சப்வெர்ஷன் (சுருக்கமாக எஸ்.வி.என்). ஒரு கமிட் முழுசாக நுழையும், அல்லது நுழையவே நுழையாது. நல்ல யோசனை. ஆனால் முதலில் சேமிப்புக்கு பெர்க்லி டிபி என்ற தரவுதளத்தை வைத்தார்கள். நடுவில் ஒரு புரோகிராம் செத்தால் களஞ்சியமே திக்கி நின்றுவிடும், 'ரெகவர்' கட்டளை கொடுத்து எழுப்ப வேண்டும். ஃபோல்டரை மட்டும் நகலெடுத்து, வேறு பெர்க்லி டிபி பதிப்பு உள்ள கணினியில் வைத்தால் திறக்காது. 2004 செப்டம்பரில் வந்த 1.1-ல் சாதாரணக் கோப்புகளிலேயே சேமிக்கும் முறை அறிமுகமாகி, 2005-ல் 1.2-ல் அதுவே இயல்பானது. 2013-ல் வந்த 1.8, பெர்க்லி டிபியைக் கைவிடச் சொல்லிவிட்டது. பழைய டிவிடியில் பெர்க்லி ஃபோல்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் அந்தக் காலத்து மென்பொருளைத் தேட வேண்டும்.

இந்தத் தொல்லைக்காகவே எஸ்.வி.என்னில் 'டம்ப்', 'லோட்' என்று இரண்டு கட்டளைகள் உண்டு. டம்ப் முழு வரலாற்றையும் முதல் ரிவிஷனிலிருந்து ஒரே நீளமான கோப்பாக ஓதித் தள்ளும். லோட் அந்தக் கோப்பை வாசித்து, ஒவ்வொரு ரிவிஷனாகப் புதுக் களஞ்சியத்தில் மறுபடி கமிட் செய்யும். டம்ப் கோப்பைத் திறந்து பார்த்தால் கண்ணால் படிக்க முடியும்: ரிவிஷன் எண், தேதி, ஆள் பெயர், கோப்பின் பாதை, உள்ளடக்கத்தின் எம்.டி.5 கைரேகை, அதன் பின்னால் உள்ளடக்கம். கண்ணால் படிக்க முடிவது ஒரு வசதி. அதுவே ஒரு பொறியும்கூட. படிக்க முடிகிறதே என்று கை வைக்கத் தோன்றும்.

கை வைத்தால் என்ன ஆகும்? அந்தக் கோப்பில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீளம் எழுதியிருக்கும், பைட் கணக்கில். லோட் கட்டளை அந்த எண்ணை நம்பி அத்தனை பைட்டை விழுங்கும், அடுத்த பைட்டில் புதுத் தலைப்பு தொடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் "டம்ப் சிதைந்திருக்கிறது" என்று நின்றுவிடும். விண்டோஸ் பவர்ஷெல்லில் '>' குறி போட்டு டம்பைக் கோப்பாக மாற்றினால், அது கேட்காமலேயே எல்லாவற்றையும் யு.டி.எஃப்-16 ஆக்கி வைக்கும். எஃப்.டி.பி-யில் டெக்ஸ்ட் முறையில் அனுப்பினால் வரி முடிவுகள் மாறும். ஒரு எடிட்டரில் திறந்து சும்மா சேமித்தாலே சில நேரம் போச்சு.

தமிழ்க்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பொறி இருக்கிறது. 'தென்காசி' என்பது நம் கண்ணுக்கு 4 எழுத்து. யுனிகோடில் 8 குறியீடுகள். யு.டி.எஃப்-8ல் 24 பைட். 'குற்றாலம்' 5 எழுத்து, 9 குறியீடு, 27 பைட். லாக் செய்தியில் ஒரு சொல்லைக் கையால் திருத்திவிட்டு, எழுத்தை எண்ணி நீளத்தை மாற்றினால் ஏறவே ஏறாது. ஒரு இடத்தில் மாற்றினாலும் போதாது. அந்த மதிப்பின் நீளம், பண்புகள் மொத்தத்தின் நீளம், மொத்த உள்ளடக்கத்தின் நீளம் என்று மூன்று இடத்தில் கணக்கு ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் மின்வெட்டு. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள், அதிலும் 2012-ல், சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. இரவு டம்ப் ஓடும்போது கரண்ட் போனால் பாதிக் கோப்பு மட்டும் இருக்கும். மறுநாள் ஃபோல்டரில் பெயரைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் தோன்றும்.

"இதெல்லாம் எஸ்.வி.என் காலத்துக் கதை, கிட் வந்தபின் ஒவ்வொருவரிடமும் முழு நகல் இருக்கிறதே" என்று வகுப்பில் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு கே.டி.இ கதையைச் சொல்ல வேண்டும். லினக்ஸ் டெஸ்க்டாப் செய்கிற திட்டம் அது. 2013 மார்ச் 22 அன்று பாதுகாப்பு மேம்படுத்தலுக்காக அவர்களுடைய கிட் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்கள். எழுந்தபோது கோப்பு அமைப்பு சிதைந்திருந்தது. உள்ளே சுமார் 1500 களஞ்சியங்கள். பரவாயில்லை, உலகம் முழுக்க மிரர் சர்வர்கள் இருக்கிறதே என்று போனால், அவை தங்கள் கடமையை ஒழுங்காகச் செய்து முடித்திருந்தன: தாய் சர்வரில் இருந்த சிதைவையே நகலெடுத்திருந்தன. கெட்டுப்போன களஞ்சியத்தை கிட் பிழை சொல்லாமல் மிரர் செய்த நிகழ்வுகளையும் பின்னால் சோதித்துக் கண்டார்கள். கடைசியில் காப்பாற்றியது, அந்த நேரம் இன்னும் ஒத்திசைக்காமல் இருந்த ஒரே ஒரு சர்வர். சோம்பேறி என்று திட்டு வாங்கும் பிள்ளைதான் வீட்டைக் காப்பாற்றியது :) (கே.டி.இ-யின் தமிழாக்கக் கோப்புகள் அப்போதும் எஸ்.வி.என்னில்தான் இருந்தன. ஆகவே அவற்றுக்கு அன்று ஆபத்து இல்லை.)

மிரர் வேறு, பேக்கப் வேறு என்று அன்று பலருக்குப் புரிந்தது. இருந்தும் 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் அதைவிட மோசமாக விழுந்தது. எஸ்.வி.என், கிட் களஞ்சியங்களை வாடகைக்கு வைத்திருந்தவர்கள் அவர்கள். அமேசான் மேகக் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்த ஒருவன் தரவையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தான். இரண்டும் ஒரே சாவியில் இருந்தன. கடையையே மூடிவிட்டார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் தளத்தில் ஒரு ஊழியர் தவறான சர்வரில் தரவுதள ஃபோல்டரை அழித்தபோது, அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. அதில் ஒன்று, தரவுதளம் 9.6 பதிப்பில் ஓட, டம்ப் கருவி மட்டும் 9.2 பதிப்பில் ஓடி, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது! சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. நல்லவேளை, கிட் களஞ்சியங்கள் தனியாக இருந்ததால் நிரல்கள் போகவில்லை. மறைக்காமல் எல்லாவற்றையும் வெளியே சொன்னார்கள் என்பதற்காக எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு.

இனி நம்ம ஊர் டம்ப். எங்கள் துறையில் 2008-ல் இறுதியாண்டு படித்த அண்ணன்மார் ஒரு தமிழ்ச் சொற்பிழை திருத்தி செய்தார்கள். நிரல் சுமார்தான். ஆனால் செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் ஆச்சிமாரிடம் கேட்டு வட்டார வழக்குச் சொற்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். வெஞ்சனம், அங்கணம், பைய என்று போகும் பட்டியல். எந்தச் சொல் எந்த ஊரில் கேட்டது என்பது பட்டியலில் இல்லை. ஒவ்வொரு ஊருக்குப் போய் வந்ததும் கமிட் செய்து, லாக் செய்தியில் தங்லிஷில் ஊர்ப்பெயரை எழுதியிருக்கிறார்கள். அதாவது சொற்களின் முகவரி முழுக்க எஸ்.வி.என் வரலாற்றில் மட்டும். சொல்லித் தந்த ஆச்சிமாரில் பலர் இன்று இல்லை. மிஞ்சியது ஒரு டிவிடியில் ஒரு டம்ப்.

எஸ்.வி.என் 1.14-ல் ஏற்றினால் மூன்றாவது ரிவிஷனிலேயே நின்றது. பண்பின் மதிப்பு செல்லாது என்ற பிழை, எண் 125005. இதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. எஸ்.வி.என் தன் சொந்தப் பண்புகளில் (லாக் செய்தியும் அதில் அடக்கம்) வரி முடிவு யுனிக்ஸ் முறையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது, ஆனால் பழைய சர்வர்கள் அதைச் சோதிக்கவில்லை. சில கிளையன்ட்கள் விண்டோஸ் முறையில் அனுப்பியதை அப்படியே வாங்கி வைத்தன. 2009-ல் வந்த 1.6 திடீரென்று கண்டிப்பானது. தானே வாங்கி வைத்ததைத் தானே டம்ப் செய்து, தானே வேண்டாம் என்றது! 2011-ல் 1.7-ல் சோதனையைத் தாண்டிப் போகும் விருப்பத்தேர்வு வந்தது, எஸ்.சி.சி.எஸ் காலத்து வாய்ப்பொத்தல் வைத்தியம்தான், குற்றம் புதுக் களஞ்சியத்துக்குள் அப்படியே போய் உட்காரும். ஏற்றும்போதே வரி முடிவைச் சரி செய்யும் விருப்பத்தேர்வு ('நார்மலைஸ்-ப்ராப்ஸ்') 2018-ல் 1.10-ல்தான் வந்தது. கண்டிப்புக்கும் மருந்துக்கும் நடுவில் ஒன்பது வருஷம். அந்த இடைவெளியில் டம்பைத் திருத்தப் பலர் தனியாகக் கருவிகள் எழுதினார்கள்.

அந்த விருப்பத்தேர்வைக் கொடுத்ததும் 214 ரிவிஷன்கள் மளமளவென்று ஏறின. 215-ல் கோப்பு முடிந்துபோனது. வாக்கியத்தின் நடுவில் என்பார்களே, அப்படி. லோட் கட்டளை ஒவ்வொரு ரிவிஷனாகக் கமிட் செய்வதால் ஏறியவரை பத்திரம்.

ஏறியதைத் திறந்தால் அடுத்த சிக்கல். பட்டியல் முழுக்கத் திஸ்கியில் இருந்தது. யுனிகோட் பரவும் முன் தமிழுக்கு இருந்த எட்டு பிட் குறியீடுகளில் ஒன்று திஸ்கி. இணையத்தில் அதற்கு 2007-ல்தான் அதிகாரப்பூர்வப் பதிவு கிடைத்தது. கோப்பு ஏறிவிட்டது, ஆனால் திரையில் தெரிவது ஐரோப்பிய எழுத்துக் குப்பை. எஸ்.வி.என் கோப்பின் உள்ளடக்கத்தில் கை வைப்பதில்லை, ஆகவே அதன் கணக்கில் எல்லாம் சரி.

ஏறியும் படிக்க முடியாத இந்த நிலைமைக்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. குற்றாலநாதர் கோயிலில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. பாண்டிய நாட்டில் ஒரு காலத்தில் வட்டெழுத்துதான் வழக்கம். சோழர் ஆட்சிக்குப் பிறகு தமிழ் எழுத்து அந்த இடத்தைப் பிடித்தது. கல் அப்படியே இருக்கிறது, மொழியும் தமிழ்தான், அருவிக்குக் குளிக்க வருகிற கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? கல்வெட்டை மறுபடி ஏற்றிய கதையும் தமிழ்நாட்டில் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். இது பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்த்தே வெட்டினார்கள். நகல் என்பதை நகலிலேயே சொல்லி வைத்த அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

திஸ்கிக்கு மருந்து எளிது. லினக்ஸில் உள்ள 'ஐகான்வ்' கருவிக்குத் திஸ்கி தெரியும். ஒரே கட்டளையில் யுனிகோட் ஆகிவிடும். பழைய ரிவிஷன்களைத் தொடவில்லை. மாற்றியதை, "திஸ்கியிலிருந்து மாற்றிய படி" என்ற லாக் செய்தியோடு புதுக் கமிட்டாகப் போடலாம் என்று முடிவு செய்தோம்.

ஆனால் அதற்கு முன்னால் அந்த 215. அதில் மாறியது ஒரே கோப்பு, சொற்பட்டியலேதான். அதன் முதல் பகுதி டம்பில் இருந்தது, வால் இல்லை. ஆனால் டம்பில் தலைப்பு முதலில் வரும், உள்ளடக்கம் பின்னால் வரும் என்று சொன்னேன் இல்லையா? ஆகவே முழுக் கோப்பின் நீளமும் எம்.டி.5 கைரேகையும் நம்மிடம் இருந்தன. இல்லாத வால் எது என்று தெரியாது, ஆனால் யாராவது கொண்டுவந்தால் அது சரியா என்று சொல்லிவிட முடியும்.

கொண்டுவந்தது நூலகம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று கறுப்பு அட்டை போட்டு, தங்க எழுத்தில் தலைப்பு அடித்து, யாரும் படிக்காத அலமாரியில் அடுக்குவோமே, அதில் பின்னிணைப்பாகப் பட்டியல் முழுக்க அச்சில் இருந்தது. இல்லாத பகுதி 41 வரி. நண்பன் யுனிகோடில் தட்டினான், ஐகான்வ் வழியாகத் திஸ்கியாக மாற்றினோம், டம்பில் இருந்த பகுதியோடு ஒட்டினோம். நீளம் இடித்தது. வரி முடிவை விண்டோஸ் முறைக்கு மாற்றினோம். நீளம் சரி, கைரேகை சரியில்லை.

ஒவ்வொரு வரியாக அச்சோடு ஒப்பிட்டோம். முப்பதாவது வரிக்குப் பக்கத்தில் அச்சில் 'அங்கனம்' என்று இருந்தது. சொற்பிழை திருத்தி செய்தவர்களின் பட்டியலிலேயே பிழை :) நண்பன் படிக்கும்போதே மனசுக்குள் திருத்தி 'அங்கணம்' என்று தட்டியிருந்தான். திஸ்கியில் இரண்டுக்கும் ஒரே நீளம். மூன்று சுழி ணகரத்தை எடுத்துவிட்டு இரண்டு சுழி னகரத்தைப் போட்டதும் கைரேகை பொருந்தியது. 215 ஏறியது.

'அங்கணம்' 217-ல் திருத்தப்பட்டது, 216 திஸ்கியிலிருந்து மாற்றிய படி. 215-ன் லாக் செய்தியில் இருந்த ஊர் மேலகரம்.